வாசகர் கேள்விகள்: முன்னேற்றத்தின் கதையும் கடைமடையும்

சென்ற இதழில் ஐரோப்பிய அறிவொளிக் காலம் பற்றி எழுதியபோது, பின்நவீனத்துவம் அதைக் கேள்வி கேட்டது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்திருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. டெல்டாவிலிருந்து வந்தவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன். திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் ஒரு கடைமடைக் கிராமத்தில் பிறந்து, இந்த மாவட்டங்களிலேயே வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். இந்த மண்ணை வைத்துப் பேசினால்தான் எனக்குப் பேச்சு வரும்.

எம்.ஏ. தமிழ் படிக்கிறேன் அம்மா. திறனாய்வுத் தாளில் 'பின்நவீனத்துவம் என்பது பெருங்கதையாடல்களின் மீதான அவநம்பிக்கை' என்று மனப்பாடமாக எழுதி மதிப்பெண்ணும் வாங்கிவிட்டேன். பெருங்கதையாடல் என்றால் என்ன என்று வீட்டில் தங்கை கேட்டாள். சொல்லத் தெரியவில்லை. நம் ஊர் விஷயத்தை வைத்துச் சொல்ல முடியுமா?
— மாணவர், மயிலாடுதுறை

தங்கைக்கு மேட்டூர் அணையைச் சொல்லுங்கள், தம்பி.

பள்ளிக்கூடத்தில் நாம் படித்த மேட்டூர் எப்படி இருந்தது? ஒரு வருஷம் வெள்ளம், ஒரு வருஷம் வறட்சி என்று தன் போக்கில் ஓடிய காவிரியைப் பொறியாளர்கள் 1934இல் தேக்கி நிறுத்தினார்கள். 120 அடி நீர்மட்டம், 93 டிஎம்சிக்கு மேல் கொள்ளளவு. கல்லணைக் கால்வாய் வெட்டினார்கள், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் புதிதாகப் பாசனம் வந்தது. ஜூன் 12இல் திறந்தால் குறுவை, அதன் பிறகு தாளடி, ஒரு போகம் மட்டும் என்றால் சம்பா. இதில் ஒவ்வொரு தகவலும் சரிதான். ஆனால் எல்லாத் தகவல்களையும் சேர்த்துக் கட்டும் ஒரு நம்பிக்கை அடியில் இருக்கிறது. மனிதன் அறியாமையிலிருந்து அறிவுக்குப் போகிறான், பசியிலிருந்து நிறைவுக்குப் போகிறான், அந்தப் பயணம் ஒரே திசையில் போகிறது, அதன் பலன் எல்லோருக்கும் வந்து சேரும். இப்படி நடந்ததற்கெல்லாம் மேலே நின்று அர்த்தம் சொல்கிற கதைதான் பெருங்கதையாடல்.

இந்த நம்பிக்கைக்கு ஐரோப்பாவில் ஒரு வம்சாவளி உண்டு. அறிவியலைக் கொண்டு நாம் இயற்கைக்கு எசமானர்கள் போல ஆகலாம் என்று 1637இல் தெகார்த் எழுதினார். யார் கையையும் பிடிக்காமல் உன் சொந்த அறிவைப் பயன்படுத்தத் துணி என்று 1784இல் கான்ட் எழுதினார். வரலாற்றுக்கே ஓர் இலக்கு இருக்கிறது என்று ஹெகல் சொன்னார், மார்க்ஸ் அதை உழைப்பவன் பக்கம் திருப்பினார். நீங்கள் மனப்பாடம் செய்த அந்த வரிக்குச் சொந்தக்காரரான பிரெஞ்சுத் தத்துவவாதி லியோத்தார் இந்த வீட்டிலேயே வளர்ந்தவர். இளம் வயதில் அல்ஜீரியாவில் ஆசிரியராக இருந்து, பிரெஞ்சு ஆட்சி அங்கே என்ன செய்தது என்று நேரில் பார்த்தவர். தீவிர இடதுசாரிக் குழு ஒன்றில் பல ஆண்டுகள் வேலை செய்தவர். கனடாவின் கியூபெக் அரசுக்கான பல்கலைக்கழகக் குழு கேட்டுக்கொண்டதற்காக 1979இல் அவர் எழுதிய அறிக்கைதான் 'பின்நவீன நிலை'. மனித குலத்தின் விடுதலை, அறிவின் முழுமை என்ற இரண்டு பெரிய கதைகளையும் யாரும் இனிமேல் முழுதாக நம்பவில்லை என்றார். பின்னர் எழுதியபோது நாஜிகளின் ஆஷ்விட்ஸ் கொலை முகாமையும், 1956இல் புடாபெஸ்டில் தொழிலாளர் பெயரால் ஆண்டவர்கள் தொழிலாளர் மேலேயே டாங்கிகளை அனுப்பியதையும் காரணமாகக் காட்டினார்.

சரி, மேட்டூருக்கு வருவோம். அணையில் தண்ணீர் இறங்கினால் பண்ணவாடியில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும், பழைய கிறிஸ்தவ தேவாலயத்தின் கோபுரமும் வெளியே தெரியும். செய்தித்தாளில் படம் போடுவார்கள். அந்தப் படத்தைப் பார்த்ததும் டெல்டாவில் நமக்கு வருகிற கவலை ஒன்றுதான்: இந்த வருஷம் குறுவைக்குத் தண்ணீர் கிடையாது. அங்கே ஊர்கள் இருந்தன, உழுதவர்கள் இருந்தார்கள், எழுந்து போங்கள் என்று அவர்களிடம் சொல்லப்பட்டது என்பது நமக்கு உறைப்பதே இல்லை. நம் செழிப்பின் கதையில் அவர்களுக்கு வேஷம் கிடையாது. அவர்கள் கும்பிட்ட நந்தி நமக்கு நீர்மட்டம் காட்டும் குறியாக மட்டும் மிஞ்சியிருக்கிறது.

இதே கதையைப் பண்ணவாடியிலிருந்து சொன்னால் எப்படி இருக்கும் என்று தங்கையைக் கேளுங்கள். லியோத்தாரின் பாதி அந்தக் கேள்விக்குள் வந்துவிடும். அணை கட்டியிருக்கக் கூடாது என்று அதற்கு அர்த்தம் இல்லை. கடைமடையில் பிறந்த நான் அப்படிச் சொல்லவே மாட்டேன்.

நான் இயற்கை விவசாயி. மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், கருப்புக் கவுனி போடுகிறேன். நவீனம் யூரியாவைக் கொடுத்து மண்ணைக் கெடுத்தது. மீத்தேன் எடுக்கிறேன் என்று வயலுக்குள் வந்தது. தாத்தா காலத்து வாழ்க்கைக்குத் திரும்புங்கள் என்பதுதானே பின்நவீனத்துவத்தின் சாரம்?
— விவசாயி, மன்னார்குடி வட்டம்

உங்கள் விதைகளுக்கு முதலில் என் வணக்கம் ஐயா. ஆதிரெங்கத்து நெல் திருவிழாவில் விதைநெல்லை வாங்கிப் போய், மறு வருஷம் இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கத்தைப் பார்த்தவள் நான். இயற்கை வேளாண்மைக்காக உழைத்த நம்மாழ்வார் தன் கடைசி நாட்கள் வரை இந்த ஊர்களில் நடந்து நடந்து மீத்தேன் திட்டத்துக்கு எதிராகப் பேசினார். 2013 டிசம்பரில் பட்டுக்கோட்டைப் பக்கம் அத்திவெட்டியில்தான் அவர் உயிர் போனது. அந்த எதிர்ப்பு இல்லாமல் 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்திருக்காது. நிபுணர் சொல்வது மட்டும்தான் அறிவு, உழவருக்குத் தெரிந்தது வெறும் பழக்கம் என்ற எண்ணத்தை நீங்கள் உங்கள் வயலிலேயே உடைத்திருக்கிறீர்கள். அந்த மட்டும் பின்நவீன விமர்சனத்துக்கும் உங்களுக்கும் உறவு உண்டு.

ஆனால் 'தாத்தா காலம்' என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கே நான் நின்றுவிட்டேன். யாருடைய தாத்தா?

என் தாத்தா பண்ணையாள். அவர் காலத்திலும் யூரியா கிடையாது, மண்புழு இருந்தது, பூங்காரும் குழியடிச்சானும் விளைந்தன. அந்த நெல்லை விளைவித்தவர்களுக்குச் சாணிப்பாலும் சவுக்கடியும் இருந்தன. கீழத் தஞ்சையில் இந்த இரண்டு சொற்களையும் விளக்கவேண்டிய தேவை இல்லை. சாட்டையால் அடிப்பது, சாணியைக் கரைத்து வாயில் ஊற்றுவது. கன்னட நாட்டிலிருந்து வந்த பி. சீனிவாச ராவ் 1940களில் இந்தச் சேரிகளில் தங்கி, அடித்தால் திருப்பி அடி என்று சொல்லிக்கொடுத்த பிறகுதான் அது நின்றது. 1952இல் தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சங்கம், சட்டம், எழுதப்பட்ட கூலி ஒப்பந்தம், ஆள் பார்க்காமல் ஏற்றிக்கொள்ளும் டவுன் பஸ், ஆதிதிராவிடர் நல விடுதி: இவை எல்லாம் நவீனம் கொண்டுவந்தவை. இவற்றில் ஒன்று குறைந்திருந்தாலும் நான் இந்தப் பதிலை எழுதியிருக்க மாட்டேன், அம்மாவோடு நடவுக்குப் போயிருப்பேன்.

பசுமைப் புரட்சியையும் இப்படி இரண்டு கண்ணாலும் பார்க்கவேண்டும். 1960இல் நாட்டிலேயே முதலில் தீவிர வேளாண் திட்டத்துக்கு எடுத்துக்கொண்ட மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் ஏடிடீ 27 நெல் ரகம் வந்து குறுவையில் மகசூலைக் கூட்டியது. அரிசிக்கு அலைந்த காலத்தில் அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் கூடின மகசூலில் அறுத்தவர் பங்கு எவ்வளவு என்ற கேள்விக்கு அந்தத் திட்டத்தில் இடம் இல்லை. வயல்களில் கூலிச் சண்டை அதோடு சேர்ந்தே வளர்ந்தது. விளைச்சல் என்ற ஒற்றை எண்ணால் ஒரு மாவட்டத்தையே அளந்த பார்வையை விமர்சியுங்கள், நானும் கூட வருகிறேன். அந்த விமர்சனத்தைப் பிடித்துக்கொண்டு மிராசுதார் காலத்துக்குப் போய் நிற்கவேண்டாம்.

தத்துவத்திலேயே இதற்கு ஓர் எச்சரிக்கை உண்டு. நவீனத் தொழில்நுட்பத்தை ஜெர்மன் தத்துவவாதி ஹைடெக்கரைப் போல் ஆழமாக விமர்சித்தவர்கள் குறைவு. ரைன் நதியில் மின் நிலையம் கட்டிய பிறகு அந்த நதி நதியாக இல்லை, எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ள வைத்திருக்கும் சரக்காக ஆகிவிட்டது என்று எழுதினார். காவிரியை டிஎம்சியாக மட்டும் பேசப் பழகிவிட்ட நமக்கு அது நன்றாகவே புரியும். பிரெஞ்சுத் தத்துவவாதி தெரிதா உட்படப் பின்வந்த பலரும் அவரிடம் கற்றவர்கள். அதே ஹைடெக்கர்தான் 1933இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். மண், வேர், மூதாதையர் என்று உருகுகிற மனம் எந்த வாசலில் போய் நிற்கும் என்பதற்கு அந்த ஒரு வாழ்க்கை போதும். உங்களை நான் அந்த வரிசையில் வைக்கவில்லை ஐயா. உங்கள் வயலில் நடவு நடுகிற பெண்களுக்கு என்ன கூலி கொடுக்கிறீர்கள் என்று மட்டும் அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். பாரம்பரிய நெல்லைப் பற்றிய என் மரியாதை அந்தப் பதிலையும் சேர்த்துத்தான்.

கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். அறிவே அதிகாரம் என்று ஃபூக்கோ சொன்னதாகப் படித்தேன். வாழ்நாள் முழுக்க சிட்டாவும் அடங்கலும் எழுதினேன். நானும் அந்த அதிகாரத்தின் கருவிதானா?
— வாசகர், குடவாசல்

பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஃபூக்கோ, படித்தவன் வலியவன் என்ற பொருளில் அதைச் சொல்லவில்லை ஐயா. எதை எழுதவேண்டும், எந்தக் கட்டத்தில் எழுதவேண்டும், யார் எழுதினால் செல்லும் என்று முடிவு செய்யும் இடத்திலேயே அதிகாரம் வேலை செய்கிறது என்றார். அவருடைய 1975 நூல், 1757இல் பாரிஸில் தாமியான் என்பவரை ஊர் பார்க்கச் சித்திரவதை செய்து கொன்ற காட்சியோடு தொடங்குகிறது. உடனே அடுத்தது, ஏறக்குறைய 80 ஆண்டு கழித்து வந்த ஒரு சிறுவர் சிறையின் கால அட்டவணை: எத்தனை மணிக்கு எழவேண்டும், எத்தனை மணிக்கு வேலை, எத்தனை மணிக்குப் பாடம். மன்னனின் சவுக்கு போய் மணி அடிக்கும் கடிகாரம் வந்தது, இதை மட்டும் வைத்து மனிதன் இரக்கமுள்ளவனாகிவிட்டான் என்று சொல்லிவிட முடியுமா என்பது அவர் கேள்வி. உடம்பை அடிப்பதற்குப் பதிலாக ஆளைக் கவனித்து, எண்ணி, குறித்துவைத்து, வழிக்குக் கொண்டுவருகிற முறை சிறையிலிருந்து பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஆலைக்கும் பரவியதாகக் காட்டினார்.

நீங்கள் எழுதிய அடங்கலையே, அந்த இரண்டாம் நம்பர் கிராமக் கணக்கையே பாருங்கள். புல எண், உட்பிரிவு, பரப்பு, பட்டாதாரர் பெயர், பயிர், பாசனம் எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. அந்த வயலில் நட்டவளுக்கும் களை பறித்தவளுக்கும் கட்டம் கிடையாது. என் அம்மா நட்ட வயல்கள் இந்தப் பக்கத்து அடங்கல்களில் வருஷா வருஷம் ஏறியிருக்கின்றன. அவர் பெயர் எதிலும் ஏறவில்லை. உங்கள் மேல் எந்தக் குறையும் இல்லை, படிவத்தின் கண் அவ்வளவுதான் பார்த்தது. கட்டம் இல்லாத ஆள் அரசாங்கத்தின் அறிவுக்குள் வருவதில்லை.

ஆனால் இதை ஃபூக்கோவோடு நிறுத்த எனக்கு மனமில்லை. வாய்மொழியாகக் குத்தகைக்குப் பிடித்துச் சாகுபடி செய்கிறவரை நீங்கள் நன்றாக அறிவீர்கள். பயிர் மூழ்கினால் நஷ்டம் அவருக்கு, நிவாரணமும் காப்பீடும் பேப்பரில் பெயர் உள்ளவருக்கு. 1969இல் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் வந்தபோது, என் பெயரை எழுது என்று சாகுபடிதாரர்கள் போராடித்தான் பதிவு வாங்கினார்கள். பதிவேட்டால் கட்டுப்படுத்தப்பட்டவர்களே பதிவேட்டில் இடம் கேட்டார்கள். பாரிஸில் உட்கார்ந்து பார்த்தால் பதிவு என்பது கண்காணிப்பு. இங்கே பெயர் இல்லாமல் நின்றவருக்கு அதுதான் பிடிமானம். இரண்டும் ஒரே காகிதத்தில் இருக்கின்றன. ஓய்வில் இருக்கிறீர்கள், அந்தக் கணக்குகளில் விட்டுப்போனவர்களைப் பற்றி நினைவிலிருந்து எழுதுங்களேன். உங்களைத் தவிர வேறு யாரும் அதை எழுத முடியாது.

உண்மை என்று ஒன்று கிடையாது, எல்லாம் கதையாடல் என்று என் அண்ணன் மகன் பேசுகிறான். கேட்டால் பின்நவீனத்துவம் என்கிறான். அப்படியானால் கீழ்வெண்மணியும் ஒரு கதையாடல்தானா அம்மா?
— வாசகி, நாகப்பட்டினம்

இல்லை, தாயே. 1968 டிசம்பர் 25 இரவு, அரைப்படி நெல் கூலி கூடக் கேட்ட ஊரில், ஒரே குடிசைக்குள் அடைபட்டு 44 பேர் எரிந்து செத்தார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், வயதானவர்கள். இது நடந்தது. எந்தத் தத்துவம் வந்தாலும் இந்த வாக்கியம் அசையாது.

ஆனால் உங்கள் கேள்வி இன்னும் ஆழமான இடத்துக்குப் போகிறது, அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். கீழ் நீதிமன்றம் நில உடைமையாளர்களுக்குத் தண்டனை கொடுத்தது. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அந்தத் தீர்ப்பில் ஒரு வாதம் வருகிறது: இவர்கள் பெரும்பாலும் பணக்காரர்கள், நிறைய நிலம் உள்ளவர்கள், ஒருவர் கார்கூட வைத்திருக்கிறார், இப்படிப்பட்டவர்கள் வேலையாட்களை அனுப்பாமல் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம். இதை மறுபடி ஒரு தடவை படியுங்கள். பார்த்தேன் என்று சொன்ன கூலிக்காரரின் சொல்லைவிட, கார் வைத்திருப்பது பெரிய சாட்சியமாக நின்றது.

லியோத்தார் 1983இல் எழுதிய 'லெ டிஃபெரான்' என்ற நூல் இந்த இடத்தைத்தான் பேசுகிறது. நச்சுவாயு அறையைக் கண்ணால் பார்த்த சாட்சியைக் கொண்டு வா என்று பிரான்சில் ஒரு பேராசிரியர் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த அறை வேலை செய்ததை உள்ளே இருந்து பார்த்தவர் இறந்துவிட்டார். ஆகவே சாட்சி இல்லை, ஆகவே கொலையும் இல்லை என்பது அவர் வாதம். லியோத்தார் அதற்குப் பதிலாக, எல்லாமே கதைதான் என்று கையை விரிக்கவில்லை. ஒருவருக்கு நேர்ந்த கொடுமையை நிரூபிக்கும் வழியையும் சேர்த்தே பறித்துவிடுகிற கொடுமை ஒன்று உண்டு என்றார். நீதிமன்றத்தின் மொழியில் சொல்ல முடியாத அந்த வலிக்கு ஒரு மொழியைக் கண்டுபிடிப்பது தத்துவத்தின் கடமை, இலக்கியத்தின் கடமை, அரசியலின் கடமை என்றார்.

அண்ணன் மகனிடம் இதைச் சொல்லுங்கள். உண்மை இல்லை என்பது வேறு. உண்மையைச் சொல்ல யாருக்கு அனுமதி, எந்தச் சபையில் எந்தச் சொல் செல்லும் என்று கேட்பது வேறு. முதலாவதைச் சொன்னால் கொன்றவனுக்குத்தான் லாபம். அவனுக்கு எப்போதுமே அதுதான் தேவை. இரண்டாவதைக் கேட்பதற்குத்தான் இந்த நூல்களைப் படிக்கவேண்டும். டிசம்பர் 25இல் வெண்மணிக்கு அவனைக் கூட்டிப் போங்கள். அங்கே 44 பெயர்களையும் அவன் ஒவ்வொன்றாகப் படிக்கட்டும்.

தெரிதாவைப் பற்றி ஒரு பயம். எழுதியவர் நினைத்த பொருளே கிடையாது, யாரும் எப்படியும் வாசிக்கலாம் என்றால் திருக்குறளை வைத்து வகுப்பு எடுக்க முடியுமா?
— தமிழாசிரியர், கும்பகோணம்

நன்றாகவே எடுக்க முடியும் ஐயா. எப்படியும் வாசிக்கலாம் என்று அவர் சொல்லவில்லை. 1967இல் ஒரே ஆண்டில் வந்த அவருடைய மூன்று நூல்களும், வரிக்கு வரி நின்று படிக்கும் கடுமையான வாசிப்புகள். நம் உரையாசிரியர்கள் அசந்துபோகும் அளவுக்கு நிதானம். மேற்கத்தியச் சிந்தனை, பேச்சு/எழுத்து, ஆண்/பெண், அறிவு/உணர்ச்சி, நாகரிகம்/காடு என்று இரண்டு இரண்டாக அடுக்கி, ஒன்றை மேலேயும் மற்றதைக் கீழேயும் வைக்கிறது. மேலே இருப்பது கீழே இருப்பதைச் சார்ந்துதான் நிற்கிறது என்பதைப் பனுவலின் சொற்களிலிருந்தே காட்டுவது அவர் முறை.

குறளுக்கு வாருங்கள். அறமாவது மனு முதலிய நூல்களில் விதித்தன செய்தலும் விலக்கியன ஒழித்தலும் ஆம் என்று பரிமேலழகர் தம் உரையின் பாயிரத்திலேயே எழுதுகிறார். வள்ளுவர் மனுவின் பெயரை எங்கும் சொல்லவில்லை. வெளியிலிருந்து வந்த ஒரு சொல், முழு நூலையும் எந்தக் கண்ணால் படிக்கவேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், நூலுக்குள்ளேயே 'பிறப்பொக்கும் எல்லா உயிர்க்கும்' என்று 972ஆம் குறள் இருக்கிறது, பார்ப்பான் 'பிறப்பொழுக்கம் குன்றக் கெடும்' என்று 134ஆம் குறளும் இருக்கிறது. ஒன்றை மறைத்து இன்னொன்றை மட்டும் மேடையில் சொல்வது நம் வழக்கம். இரண்டையும் கரும்பலகையில் பக்கத்துப் பக்கத்தில் எழுதிவிட்டு, 'பிறப்பு' இரண்டு இடத்திலும் என்ன வேலை செய்கிறது என்று மாணவர்களைக் கேளுங்கள். வகுப்பு களை கட்டும்.

ரீல்ஸ், வாட்ஸ்அப் காலத்துக்குப் போத்ரியார் பொருந்துவாரா?
— வாசகர், வேதாரண்யம்

பொருந்துவார், ஓரளவு. பிரெஞ்சுச் சிந்தனையாளரான அவர், படம் உண்மையைக் காட்டுவது போய், படமே உண்மையின் இடத்தில் உட்கார்ந்துகொண்டது என்று 1981இல் எழுதினார். 1991 வளைகுடாப் போர் நடக்கவே இல்லை என்று தலைப்பு வைக்கும் அளவுக்குப் போனார். தொலைக்காட்சி காட்டிய போரைச் சொன்னார் என்று விளக்கலாம். ஆனாலும் குண்டு விழுந்த இடத்தில் இருந்தவரிடம் அந்தத் தலைப்பைக் காட்ட எனக்கு மனம் வராது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் உங்கள் ஊர்ப் பக்கம்தான் கஜா புயல் கரையேறியது. சாய்ந்த தென்னையைப் படமாகப் பார்த்தவர்களும் இருந்தார்கள், அதன் அடியில் நின்றவர்களும் இருந்தார்கள். அந்த வித்தியாசத்தைப் போத்ரியார் போதிய அளவு மதிக்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

இதெல்லாம் பிரெஞ்சுக்காரர்களின் நாகரிகம், இங்கே கூலிக்காரர்களுக்கு இதனால் என்ன என்கிறார் என் நெறியாளர். நவீனம் முடியாத திட்டம், அதைக் கைவிடக் கூடாது என்று ஹேபர்மாஸ் சொல்கிறார். நீங்கள் எந்தப் பக்கம்?
— ஆராய்ச்சி மாணவி, தஞ்சாவூர்

நெறியாளருக்கு ஒரு தகவல் சொல்லுங்கள். 1990களில் அ. மார்க்ஸ், ரவிக்குமார், பொ. வேல்சாமி ஆகியோர் நடத்திய நிறப்பிரிகை என்ற சிற்றிதழில்தான் நாங்கள் பலர் ஃபூக்கோவின் பெயரை முதலில் படித்தோம். அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டி தலித் அரசியலும் தலித் எழுத்தும் எழுந்து வந்த அதே நேரம் அது. வர்க்கம் என்ற ஒரே சாவியால் எல்லாக் கதவையும் திறக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களிடம், சாதி எங்கே, பெண் எங்கே என்று கேட்க அந்த எழுத்துகள் தைரியம் கொடுத்தன. செங்கொடியை நெஞ்சில் வைத்திருந்த எங்கள் வீட்டிலேயே அந்தக் கேள்வி எழுந்தது. சங்கம் கூலி கேட்டபோதும் பெண் கூலி ஆண் கூலியைவிடக் குறைவாகத்தானே இருந்தது?

ஜெர்மன் தத்துவவாதி ஹேபர்மாஸ் 1980இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் அடோர்னோ பரிசு வாங்கிய உரையில் அதைச் சொன்னார். ஃபூக்கோவையும் தெரிதாவையும் இளம் பழமைவாதிகள் என்றே அழைத்தார். அவர்களைப் பொறுத்தவரை அது நியாயமில்லாத பட்டம். இங்கே சிலரைப் பார்க்கும்போது அந்தப் பட்டம் எனக்கு நினைவுக்கு வருவது உண்டு. பகுத்தறிவு மேற்கத்தியச் சரக்கு, சாதி நம் பண்பாட்டு வேறுபாடு என்று பின்நவீனச் சொற்களில் பேசுகிறவர்களைச் சொல்கிறேன். அவர்களோடு எனக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

எந்தப் பக்கம் என்று கேட்டீர்கள். கான்ட்டிடமிருந்தே சொல்கிறேன். சொந்த அறிவைப் பயன்படுத்தத் துணி என்று 1784இல் எழுதிய அதே கான்ட், 1797இல் சட்டம் பற்றி எழுதியபோது, வீட்டு வேலைக்காரர், கூலிக்கு விறகு வெட்டுபவர், பெண்கள் எல்லோரும் வாக்களிக்கும் தகுதி இல்லாத குடிமக்கள் என்றார். என் அம்மா கூலிக்காரர், பெண். கான்ட்டின் வாசலில் இரண்டு முறை திருப்பி அனுப்பப்பட்டிருப்பார். பின்நவீன விமர்சனம் இந்த இரண்டாவது பக்கத்தை எனக்குக் காட்டிக்கொடுத்தது. ஆனால் அந்த வாசலைத் தட்ட என் அம்மாவின் தலைமுறைக்குக் கையில் இருந்தது கான்ட்டின் முதல் வாக்கியம்தான். பள்ளிக்கூடம் போ, யார் சொன்னாலும் கும்பிட்டு நிற்காதே என்று அவர் என்னிடம் சொன்னதை நான் வேறு எப்படிப் புரிந்துகொள்வது? வாக்குறுதி எல்லோருக்கும் என்று சொல்லிவிட்டுச் சிலருக்கு மட்டும் கொடுத்தார்கள். அதைச் சுட்டிக் காட்டுகிற வேலையில் நான் ஃபூக்கோ பக்கம். மிச்சத்தையும் கொடு என்று கேட்கிற வேலையில் ஹேபர்மாஸ் பக்கம். அறிவொளிக்கு நீ ஆதரவா எதிர்ப்பா என்று மிரட்டிக் கேட்காதே என்று ஃபூக்கோவே 1984இல் எழுதியிருக்கிறார்.

எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?
— பலர்

கான்ட்டின் 'அறிவொளி என்றால் என்ன' சில பக்கங்கள்தான். முதலில் அது. கையோடு, அதே தலைப்பில் ஃபூக்கோ 200 ஆண்டு கழித்து எழுதியதைப் படியுங்கள். பிறகு லியோத்தாரின் அறிக்கை, சிறிய நூல்தான். தமிழில் இந்த விவாதங்கள் எங்கிருந்து வந்தன என்று அறிய, தமிழவன் 1982இல் எழுதிய 'ஸ்ட்ரக்சுரலிசம்' நல்ல வாசல். தெரிதாவைக் கடைசிக்கு வையுங்கள்.

லியோத்தார் அறிக்கையின் முடிவில், கணினிகளில் சேரும் தகவல்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுங்கள் என்று 1979லேயே கேட்டிருக்கிறார். இன்று சிட்டா, அ-பதிவேடு என்ற நிலப் பதிவேடுகள் இணையத்தில் கிடைக்கின்றன. அது அவர் கேட்டதுதானா, வேறு ஏதாவதா? படித்துவிட்டு எழுதுங்கள், அடுத்த இதழுக்கு எடுத்துக்கொள்கிறேன்.